பதினொரு பேர் உழைப்பு, ஒருவர் பெயரில் கணக்கு

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அமெரிக்காவில் ஆடுகிற ஒரு பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த ஆட்டத்தை நம்மில் யாரும் ஆடியதில்லை. பலர் பார்த்ததுகூட இல்லை. "நமக்கு எதற்கு இந்தக் கதை?" என்று கேட்பீர்கள்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது பேர் சேர்ந்து ஒரு வயலை அறுக்கிறார்கள். களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலில் எந்தப் படி யார் அறுத்தது? மில்லிலே நூல் கோனில் ஏறி வருகிறது. பஞ்சு பிரித்தவர், கார்டிங்கில் நின்றவர், ஸ்பின்னிங்கில் இழை முடிந்தவர் எல்லோருடைய கையும் அதில் இருக்கிறது. அதில் ஒருவருடைய பங்கு மட்டும் எவ்வளவு?

பலர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவருடைய பங்கைத் தனியாகப் பிரித்து எண்ணால் சொல்ல முடியுமா? இது பழைய கேள்வி. இதற்குப் பதில் தேடி அமெரிக்கப் பந்தாட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் போட்டு வருகிறார்கள். பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், கம்ப்யூட்டர் நிபுணர்கள் எல்லோரும் அதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே வெற்றி பெற்றார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதைப் பார்ப்பது நமக்கும் பயன்படும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் வேறு, இது வேறு. இங்கே பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். மைதானம் 100 கஜ நீளம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. இதற்கு டச் டவுன் என்று பெயர். அது முடியாமல் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு முயற்சியிலும் நடப்பது இது. முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் கொடுக்கிறார். அதை வாங்குகிறவர்தான் குவார்ட்டர்பேக். அவர் பந்தை ஓட்டக்காரர் கையில் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சகாவுக்கு வீசலாம். முன்னோக்கி வீசுவது 1906-ல்தான் சட்டபூர்வமாக்கப்பட்டது. இன்று ஆட்டத்தின் உயிரே அந்த வீச்சுதான்.

வீசுவதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். அந்த விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். ஒவ்வொருவரும் மூன்று மூட்டை சிமெண்ட் கனம் இருப்பார்கள். சுமார் 140 கிலோ. பாய்ந்து வரும் எதிரிகளை நெஞ்சால் தாங்கி நிறுத்துவதே அவர்கள் வேலை. அவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம். அவர்கள் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூவுவதும் அபூர்வம்.

வீச்சு வெற்றியானால் அது யாருடைய வெற்றி? தாங்கி நின்ற ஐந்து பேருடையதா? சரியான இடத்துக்கு ஓடிப் பிடித்தவருடையதா? திட்டம் வகுத்த பயிற்சியாளருடையதா? வீசியவருடையதா? மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவது வீசியவர் பெயர்தான்.

1973-ம் ஆண்டு கணக்கு

வீசுபவர்களில் யார் சிறந்தவர் என்று தரவரிசை போடும் முறையை அமெரிக்கத் தொழில்முறைப் பந்தாட்ட லீக் பலமுறை மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1973-ல் ஒரு சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. டான் ஸ்மித் என்பவர் தலைமையில் ஒரு குழு அதைத் தயாரித்தது. லீகின் அதிகாரபூர்வமான மதிப்பெண்ணாக அது இன்றும் இருக்கிறது.

அதில் நான்கே விஷயங்கள். நூறு வீச்சில் எத்தனை பிடிபட்டன? ஒரு வீச்சுக்குச் சராசரி எத்தனை கஜம்? எத்தனை வீச்சுகள் டச் டவுன் ஆயின? எத்தனை வீச்சுகளை எதிரி பிடித்துக்கொண்டான்? முதல் மூன்றும் கூடினால் நல்லது. நான்காவது குறைந்தால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 2.375 வரை மதிப்பு. அந்தக் காலத்துச் சராசரி வேலைக்கு 1. நான்கையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். சராசரி ஆளுக்கு 66.7 வரும். மிக உயர்ந்த மதிப்பெண் 158.3.

100 என்று முழு எண்ணாக வைக்காமல் 158.3 என்று ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். கேட்ட அமெரிக்கர்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 1969 ஜனவரி 12-ம் தேதி மயாமி நகரில் ஒரு பெரிய ஆட்டம். அந்த ஸீஸனின் இறுதிப் போட்டி. நியூயார்க் ஜெட்ஸ் அணியும் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியும் மோதின. நியூயார்க் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத். "நாங்கள் ஜெயிப்போம்" என்று முன்கூட்டியே பகிரங்கமாக உறுதி சொன்னவர். சொன்னபடியே 16-க்கு 7 என்று ஜெயித்தார்கள்.

அன்று நேமத் 28 தடவை வீசினார். 17 பிடிபட்டன. மொத்தம் 206 கஜம். டச் டவுன் ஒன்றுகூட இல்லை. எதிரி பிடித்ததும் ஒன்றுமில்லை. பிடிபட்டது நூற்றுக்கு 60.7, அதில் 30-ஐக் கழித்து 0.05-ஆல் பெருக்கினால் 1.54. வீச்சுக்கு 7.36 கஜம், 3-ஐக் கழித்து 0.25-ஆல் பெருக்கினால் 1.09. டச் டவுனுக்குப் பூஜ்யம். எதிரியிடம் பந்து போகாததால் நான்காவது கணக்கில் முழு 2.375. கூட்டினால் 5. வகுத்துப் பெருக்கினால் 83.3. அந்தக் காலத்துக்கு நல்ல மதிப்பெண்தான்.

அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற பரிசும் நேமத்துக்கே கிடைத்தது. ஆனால் அந்த 16 புள்ளிகள் எப்படி வந்தன? அணியின் ஒரே டச் டவுனைப் போட்டவர் மாட் ஸ்நெல் என்ற ஓட்டக்காரர். அன்று அவர் பந்தைச் சுமந்துகொண்டு இடித்துப் புகுந்து 121 கஜம் முன்னேறினார். மீதி ஒன்பது புள்ளியும் உதைத்து எடுத்தவை. தடுப்பு வரிசைக்காரர்கள் எதிரியின் வீச்சுகளில் நான்கைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் கால் பகுதியில் நேமத் ஒரு தடவைகூட வீசவில்லை.

நேமத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பந்தை எப்போது வீசுவது, எப்போது ஸ்நெல்லிடம் கொடுப்பது என்று களத்தில் நின்று முடிவு செய்தவர் அவர். அந்த மூளை வேலை 83.3-க்குள் வரவில்லை. ஸ்நெல்லின் தோள் வேலையும் அதற்குள் வரவில்லை. ஆக, அந்த எண் வீசியவருடைய வேலையையும் முழுதாகச் சொல்லவில்லை. மற்றவர்களுடைய வேலையையும் சொல்லவில்லை.

கணக்கில் விட்டுப்போனவை

இந்தச் சூத்திரத்தில் உள்ள ஓட்டைகளைப் பார்ப்போம்.

ஒருவர் வீசும் பந்தெல்லாம் பிடிபடுகிறது. ஆனால் ஒரு கஜம்கூட முன்னேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 79.2 வருகிறது! நாள் முழுதும் நின்ற இடத்திலேயே நின்ற ஆளுக்கு, 66.7 என்ற பழைய சராசரிக்கு மேலே மதிப்பெண். எல்லாப் பந்தையும் தரையிலே எறிந்தாலும் 39.6 கிடைக்கும், எதிரி பிடிக்கவில்லை அல்லவா?

வீசுவதற்கு முன் எதிரி பாய்ந்து குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு கீழே தள்ளிவிட்டால் அணிக்குப் பல கஜம் நஷ்டம். ஆனால் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. அது வீச்சு இல்லையாம்! அவர் பந்தோடு தானே ஓடிச் சம்பாதித்த கஜங்களுக்கும் இடமில்லை. பந்தைக் கை தவறவிட்டாலும் கணக்கில் ஏறாது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒருவர் இரண்டு கஜ தூரம் மெதுவாக வீசுகிறார். பிடித்தவர் நான்கு பேரை ஏமாற்றி அறுபது கஜம் ஓடி டச் டவுன் போடுகிறார். கணக்குப் புத்தகத்தில் வீசியவர் பெயரில் 62 கஜமும் ஒரு டச் டவுனும் ஏறுகின்றன. இன்னொருவர் நாற்பது கஜத்துக்குக் குறி தவறாமல் வீசுகிறார். பிடிக்க வேண்டியவர் கை நழுவி, பந்து துள்ளி எதிரி கையில் விழுகிறது. தவறு வீசியவர் பெயரில் எழுதப்படுகிறது.

காலமும் மாறியது. 1978-ல் விதிகளைத் திருத்தினார்கள். பந்து பிடிக்க ஓடுகிறவரை எதிரி ஐந்து கஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது. முன்வரிசைக்காரர் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம். வீசுவது எளிதாயிற்று. குறுகிய தூர வீச்சுகளைக் கொண்டே ஆடும் முறையும் பரவியது. அன்று 66.7 சராசரி, இன்று லீகின் சராசரி 90-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே பழைய வீரரின் 78-ஐயும் புதிய வீரரின் 95-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவர் பெரியவர், அவர் சிறியவர் என்று சொல்வது, பழைய தறியில் நெய்தவரையும் புதிய தறியில் நெய்பவரையும் ஒரே முழக்கோலால் அளப்பது போலத்தான்.

ஒரே ஆள், மூன்று எண்கள்

வாதம் போதும். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி லீக் ஆட்டங்கள் 16-லும் வென்றது. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. 50 டச் டவுன் வீசினார். எதிரி பிடித்தவை எட்டே. அவருடைய மதிப்பெண் 117.2. அந்த ஸீஸனில் அவர் பந்தைப் பிடித்தவர்களில் ராண்டி மாஸ் 23 டச் டவுன் எடுத்து லீக் சாதனை செய்தார். வெஸ் வெல்கர் 112 பந்துகளைப் பிடித்தார்.

2008 செப்டம்பர் 7-ம் தேதி, புதிய ஸீஸனின் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டு முழுதும் அவர் ஆட முடியாது. அவர் இடத்தில் மாட் காசல் இறங்கினார். காசல் கல்லூரியில் முதல் குவார்ட்டர்பேக்காக ஒரு ஆட்டம்கூடத் தொடங்கியதில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். என்ன நடந்தது? அணி 11 ஆட்டங்களில் வென்றது, 5-ல் தோற்றது. காசலின் மதிப்பெண் 89.4.

அடுத்த ஆண்டு கான்ஸாஸ் சிட்டி அணி அவரை வாங்கிக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு, மொத்தம் 6 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஒப்பந்தம். அதே கை, அதே தோள். ஆனால் முன்வரிசை வேறு, பிடிப்பவர்கள் வேறு, பயிற்சியாளர் வேறு. 2009-ல் அவருடைய மதிப்பெண் 69.9. அணி நான்கு ஆட்டங்களில் மட்டும் வென்று 12-ல் தோற்றது.

அத்துடன் கதை முடியவில்லை. 2010-ல் அந்த அணிக்கு ஆட்டத் திட்டம் வகுக்கப் புதிய ஆள் வந்தார். அணியின் ஓட்டக்காரர்கள் லீகிலேயே அதிக கஜம் ஓடினார்கள். பந்து பிடிப்பவர்களில் ஒருவர் 15 டச் டவுன் எடுத்தார். காசலின் மதிப்பெண் 93.0! அணி 10 ஆட்டங்களில் வென்றது.

89.4, 69.9, 93.0. மூன்றும் ஒரே மனிதருடைய எண்கள். இவற்றில் எது காசல்? 2009-ல் அவர் திறமையை இழந்து 2010-ல் திரும்பப் பெற்றாரா? இல்லை. அவரைச் சுற்றியிருந்த கைகள் மாறின. அந்தக் கைகளின் வேலையும் அவர் பெயரில் எழுதப்பட்டது.

தனி ஆளுக்கும் இடமுண்டு

இத்தோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, தனி மனிதன் ஒன்றுமேயில்லை" என்று நான் சொன்னால் அது பொய்யாகும். நமக்கு வசதியான உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில், காசலின் 11 வெற்றி பிரேடியின் 16 வெற்றி ஆகவில்லை. 2007-ல் பிரேடி பந்தோடு வீழ்த்தப்பட்டது 21 தடவை. 2008-ல் காசல் வீழ்த்தப்பட்டது 47 தடவை. பந்தை எவ்வளவு சீக்கிரம் கைவிட்டு அனுப்புவது என்பது வீசுபவருடைய திறமையும்தான். சூத்திரம் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவேயில்லை. ஆனால் வித்தியாசம் இருந்தது.

இரண்டாவது, 2020-ல் பிரேடி டாம்பா பே அணிக்குப் போனார். முந்தின ஆண்டு அந்த அணியின் குவார்ட்டர்பேக் எதிரியிடம் 30 பந்துகளைக் கொடுத்திருந்தார். அணி 7 வெற்றி, 9 தோல்வி. பிரேடி வந்த ஆண்டில் அந்த 30 என்பது 12 ஆயிற்று. அணி 11 ஆட்டங்களில் வென்று, 2021 பிப்ரவரியில் இறுதிப் போட்டியையும் ஜெயித்தது. அவரோடு வேறு சில நல்ல ஆட்களும் சேர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அவர் விட்டு வந்த அணி அந்த ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி என்று இறங்கியது. தேர்ந்த கைக்கு மதிப்பு இருக்கிறது. அனுபவமுள்ள மேஸ்திரி வந்தால் சுவர் நேராக நிற்கும். அதை நாம் மறுக்க மாட்டோம். அந்த மதிப்பு எவ்வளவு, அதை எப்படி அளப்பது என்பதுதான் பிரச்னை.

நல்ல கணக்கை நோக்கி

இங்கே ஒரு குவார்ட்டர்பேக்கின் கதையைச் சொல்ல வேண்டும். விர்ஜில் கார்ட்டர் என்பவர் தொழில்முறை ஆட்டக்காரர், கணிதத்திலும் நாட்டமுள்ளவர். ராபர்ட் மாகோல் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1969 ஸீஸனின் ஆட்டங்களை ஒவ்வொரு முயற்சியாகப் பிரித்து ஆராய்ந்தார். 1971-ல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. உழைப்பவனே தன் உழைப்பைக் கணக்கெடுத்தான் என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது: மைதானத்தில் இந்த இடத்தில் பந்து இருந்தால், அதன் பயனாகச் சராசரியாக எத்தனை புள்ளி கிடைக்கும்? எதிரியின் கோட்டுக்கு ஐந்து கஜத்தில் பந்து இருந்தால் சுமார் 6 புள்ளி. தன் கோட்டுக்கு ஐந்து கஜத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் சுமார் ஒன்றேகால் புள்ளி கடன். ஏனென்றால் அடுத்துப் புள்ளி எடுக்கப்போவது பெரும்பாலும் எதிரிதான். அப்படியானால் எல்லாக் கஜமும் ஒரே விலையல்ல. மூன்று கஜம் தேவைப்படும்போது எடுத்த நான்கு கஜம் தங்கம். பன்னிரண்டு கஜம் தேவைப்படும்போது எடுத்த நான்கு கஜம் பித்தளை.

இந்த வழியில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். 1988-ல் பாப் காரல், பீட் பாமர், ஜான் தார்ன் மூவரும் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தைச் சாதாரண ரசிகர்களிடம் கொண்டுபோயிற்று. 2011-ல் ஈ.எஸ்.பி.என். என்ற டெலிவிஷன் கம்பெனி 0 முதல் 100 வரை புதிய மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. பந்தோடு வீழ்த்தப்படுவது, தானே ஓடுவது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்ன செய்தார் என்பது எல்லாம் அதில் சேர்ந்தன. வீசியவருக்கு எவ்வளவு, பிடித்தவருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவும் முயன்றார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் பழைய சூத்திரத்தை நாம் இங்கே பென்ஸிலால் போட்டுப் பார்த்தோம்; புதியதை அப்படிப் போட முடியாது. முழுக் கணக்கையும் அந்தக் கம்பெனி வெளியே கொடுக்கவில்லை.

2014 முதல் ஆட்டக்காரரின் தோள் கவசத்தில் சிறு மின்பொறிகளை வைத்து, ஒவ்வொருவரும் எங்கே நின்றார், எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். 2017-ல் பந்துக்குள்ளும் பொறி வந்தது. பிடிப்பவருக்கு அருகில் எதிரி எத்தனை கஜத்தில் நின்றான், வீசியவரை யார் நெருக்கினார்கள் என்று பார்த்து, "இந்த வீச்சு நூற்றுக்கு இத்தனை தடவை பிடிபடக்கூடியது" என்று கணிக்கிறார்கள். கஷ்டமான வீச்சுக்கும் சுலபமான வீச்சுக்கும் வேறு வேறு மதிப்பு கிடைக்கிறது. முன்வரிசைக்காரர் எதிரியை இரண்டரை விநாடி தாங்கினாரா என்றும் பதிவாகிறது. ஐம்பது ஆண்டுகள் கணக்கிலேயே இல்லாமலிருந்த மனிதர் கணக்குக்குள் வந்தார். இதை வரவேற்க வேண்டும். அதே சமயம், தோளில் மாட்டிய பொறி சொல்வதெல்லாம் யார் கைக்குப் போகிறது, சம்பளப் பேச்சில் அது எப்படிப் பயன்படும் என்று ஆட்டக்காரரின் யூனியன் விழிப்போடு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்ணும் சம்பளமும்

இதெல்லாம் பொழுதுபோக்குச் சண்டை என்று நினைக்காதீர்கள். எண்ணின் பின்னால் கூலி நிற்கிறது. பல ஒப்பந்தங்களில், மதிப்பெண் இவ்வளவுக்கு மேலே போனால் இவ்வளவு போனஸ் என்று எழுதுகிறார்கள்.

கூலியை எண்ணோடு கட்டினால் என்ன ஆகும் என்று பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு இது மூன்றாவது முயற்சி. பத்து கஜம் தேவை. துணிந்து தூர வீசினால் அணிக்குப் பயன் உண்டு. ஆனால் தவறினால் மதிப்பெண் குறையும். மூன்று கஜத்தில் நிற்பவருக்குத் தட்டிவிட்டால் பந்து பிடிபட்டதாக ஏறும், மதிப்பெண் காப்பாற்றப்படும். அணி பந்தை எதிரிக்கு உதைத்து அனுப்ப வேண்டியதுதான். பந்தை வெளியே எறிந்தால் தவறிய வீச்சு என்று மதிப்பெண் குறையும். பந்தோடு கீழே விழுந்தால் மதிப்பெண்ணுக்குச் சேதமில்லை, அணிக்குத்தான் சேதம். எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

1982-ல் ஆட்டக்காரர்களின் யூனியன் ஒரு கோரிக்கை வைத்தது. லீகின் மொத்த வருமானத்தில் 55 சதவீதத்தை ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே முதலாளியிடம் பேரம் பேசி நிற்பதற்குப் பதிலாக, அதிலிருந்து பெரும்பாலும் வேலை செய்த ஆண்டுகளை வைத்துச் சம்பளம் வகுப்போம் என்றார்கள். முதலாளிகள் மறுத்தார்கள். 57 நாள் வேலை நிறுத்தம் நடந்தது. 16 ஆட்ட ஸீஸன் 9 ஆட்டமாகச் சுருங்கியது. பங்கு கிடைக்கவில்லை, ஆண்டுக்கணக்கை வைத்துக் குறைந்தபட்சச் சம்பள அட்டவணையும், விலகும்போது ஒரு தொகையும் கிடைத்தன.

1987-ல் மறுபடியும் வேலை நிறுத்தம், 24 நாள். முதலாளிகள் வெளியாட்களைப் பிடித்து வந்து ஆட வைத்தார்கள். பெயர்பெற்ற சில வீரர்களே மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். போராட்டம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1993-ல் ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குப் போகும் உரிமை வந்தது. 1994-ல் ஒரு அணி மொத்தச் சம்பளமாகக் கொடுப்பதற்கு உச்சவரம்பு வந்தது. 2020-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, 2021 முதல் ஆட்டக்காரர்களுக்கு மொத்த வருமானத்தில் குறைந்தது 48 சதவீதம். 1982-ல் மறுக்கப்பட்ட 'பங்கு' என்ற கருத்து வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தது எந்தச் சூத்திரமும் அல்ல. கூடி நின்ற ஆட்டக்காரர்கள்தான்.

ஆனால் அந்தப் பங்குக்குள் யாருக்கு எவ்வளவு என்பது தனித்தனிப் பேரம். 2024-ல் டல்லாஸ் அணி தன் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுடன் நான்கு ஆண்டுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. சராசரி ஆண்டுக்கு 6 கோடி. அந்த ஆண்டு 53 பேர் கொண்ட ஒரு அணிக்கு உச்சவரம்பு 25 கோடியே 54 லட்சம். ஒப்பந்தப் பணம் ஆண்டுக்கு ஆண்டு சமமாகக் கணக்கில் ஏறுவதில்லை; ஆனாலும் விகிதம் தெரிகிறதல்லவா? 53 பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

முன்வரிசைக்காரரின் மதிப்பு எப்போது தெரிந்தது? 1985 நவம்பர் 18-ம் தேதி வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை நியூயார்க்கின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அவர் மறுபடி ஆடவேயில்லை. வலது கையால் வீசுபவருக்கு இடதுபுறம் பின்னால் வரும் ஆபத்து தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவர் வரிசையின் இடது கோடியில் நிற்பவர். 1993-க்குப் பிறகு, அணி மாறும் உரிமை வந்ததும், அந்த இடத்துக்காரரின் சம்பளம் மளமளவென்று ஏறியது. அப்போதும் அவருக்கென்று ஒரு மதிப்பெண் கிடையாது. வேலையின் அருமை, அது இல்லாதபோது நேரும் நஷ்டத்தால் தெரிந்தது. அந்த அருமைக்கு விலை கேட்க உரிமை வந்ததால் கூலியாயிற்று.

எண்ணைக் கண்டால் என்ன கேட்பது?

தோழர்களே! கணக்கே வேண்டாம் என்பது நம் பேச்சல்ல. கணக்கில்லாத இடத்தில் கங்காணியின் வாய்ச்சொல்லே சட்டமாகிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசலுக்கு வழி திறந்ததும் அவர் காட்டிய எண்கள்தான். எண் ஒரு விளக்கு. ஆனால் விளக்கு எந்தப் பக்கம் பிடிக்கப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் வெளிச்சம்.

ஆகவே ஒருவர் பெயருக்கு எதிரே ஒரு எண்ணை யாராவது எழுதிக் காட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள். இதை எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று நமக்குக் காட்டுவாரா? இதில் எண்ணாமல் விட்டது என்ன? இந்த வேலையில் வேறு யார் கைகள் சேர்ந்திருக்கின்றன? இந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?

இந்த நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளலாம். அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் செய்யலாம். பதில் கிடைக்காவிட்டால், குனிந்து நிற்கும் அந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து காற்றில் பறக்கும்போது கூட்டத்தின் கண்ணெல்லாம் பந்தின் மேல் இருக்கிறது. கீழே அவர்கள் இன்னும் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.